இருபத்தேழு பிஸ்

1955ஆம் வருஷம் மார்ச் மாதம் 9ஆம் தேதி, புதன்கிழமை, காலை எட்டரை மணி. காரைக்கால் காவல் நிலையத்தில் ஆய்வாளர் முன்பாகத் தானே வந்து ஆஜரான கீழ்க்கண்டவர் சொல்ல, நிலைய எழுத்தர் எழுதிக்கொண்டது.

என் பெயர் மரியமுத்து. தகப்பனார் சூசைநாதன், காலஞ்சென்றவர். வயது இருபத்தாறு. கத்தோலிக்கன். திருமணம் ஆகவில்லை. தாயார் லூர்தம்மாளுடன் தலத்தெருவில் வாடகை வீட்டில் இருக்கிறேன். பிரெஞ்சுப் பள்ளியில் படித்து முடித்து, பிறகு சிதம்பரத்தில் பல்கலைக்கழகத்தில் இரண்டு வருஷம் படித்தேன். பட்டம் வாங்கவில்லை. 1952 ஜூன் முதல் ஆலங்கரை மேரியில், அதாவது அந்த ஊர் நகராட்சி அலுவலகத்தில், நகல் எழுத்தனாக இருக்கிறேன். வேலை தற்காலிகம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை மேர், அதாவது நகராட்சித் தலைவர், கையெழுத்துப் போட்டால் தொடரும். என்னை யாரும் அழைத்து வரவில்லை. அடிக்கவில்லை. பயமுறுத்தவில்லை.

ஆசுபத்திரியில் நேற்று மதியம் முதல் கிடத்தப்பட்டிருக்கும் ஆண் பிரேதம் பற்றிச் சொல்ல வந்திருக்கிறேன். அதன் கால் விரலில் கட்டிய சீட்டில் 'அடையாளம் தெரியாதவர், வயது சுமார் ஐம்பது' என்று இருக்கிறது. இன்று பகல் பன்னிரண்டு மணிக்குள் அவர் இன்னார் என்று நிரூபணம் ஆகாவிட்டால் பெயரில்லாத பிரேதமாகப் புறம்போக்கில் புதைக்கப்படுவார் என்று ஆய்வாளர் சொன்னார். அவர் பெயர் பீர் மைதீன். வயது ஐம்பத்து மூன்று. ஆலங்கரை தோணித்துறைத் தெருவில் கயிற்றுக்கடை வைத்திருந்தவர். அவருடைய மனைவி ஆஸியா பீவியும் தம்பி காஜா மைதீனும் நேற்றே அடையாளம் காட்டிவிட்டார்கள். ஆனால் மேரியின் பதிவேட்டின்படி பீர் மைதீன் இரண்டு வருஷத்துக்கு முன்பே இறந்தவர். பதிவேட்டுக்கு எதிரே குடும்பத்தாரின் வாய்ச்சொல் நிற்காது. அந்தப் பதிவை எழுதியவன் நான்.

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

ஆலங்கரை மேர் சிதம்பரநாதன். பிரெஞ்சுக் கொடி மாறுவதற்கு முன்பும் அவர்தான், இப்போதும் அவர்தான். 1953 ஜனவரியில் ஒரு நாள் காலை அவர் தம்முடைய அறைக்குச் செயலாளர் சவரிநாதன் அவர்களையும் என்னையும் கூப்பிட்டார். ஏப்ரலில் நகராட்சித் தேர்தல் வர இருந்தது. அதற்கு முந்திய தேர்தலில் அவர் நாற்பத்தோரு ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்திருந்தார். "நாப்பத்தோரு ஓட்டுல ஜெயிக்கிறதும் ஒரு ஜெயமாய்யா? தெருவுல நடக்கவே கூச்சமா இருக்கு" என்று சொல்லிவிட்டு, மூன்று உத்தரவுகளுக்கு வாசகம் சொன்னார். வாக்குப்பதிவு மாலை ஆறு மணி வரை என்று இருந்தது பிற்பகல் இரண்டு மணி வரை என்று ஆயிற்று. தோணித்துறைத் தெருக்காரர்கள் மூன்று மணிக்கு மேல்தான் வேலையிலிருந்து திரும்புவார்கள். வாக்குச்சாவடி பள்ளிக்கூடத்திலிருந்து மேருடைய நெல் மில்லுக்கு மாறிற்று. வாக்காளர் பட்டியலைப் புதிதாக எழுத வேண்டும் என்றும், அதில் தவறு இருந்தால் எட்டு நாளுக்குள் எழுதிக் கொடுக்கலாம் என்றும், பட்டியலில் இருக்கிற வாக்காளர் மட்டுமே எழுதிக் கொடுக்கலாம் என்றும் மூன்றாவது உத்தரவு. மூன்றையும் நான் நான்கு நான்கு பிரதி எடுத்தேன். எழுத்துப் பிழை எதுவும் இல்லை.

அதன் பிறகு பட்டியல் எழுதும் வேலை என்னிடம் வந்தது.

ஆய்வாளர் தஞ்சாவூரிலிருந்து புதிதாக வந்திருப்பவர் என்பதால் ஒரு விஷயத்தை விளக்க வேண்டியிருக்கிறது. எங்கள் பட்டியல் பிரெஞ்சில் இருக்கும். வாக்காளர் பெயருக்குப் பின்னால் அவருடைய தகப்பனார் பெயர் வரும். தகப்பனார் இறந்திருந்தால் அவர் பெயருக்கு முன்னால் மூன்றே எழுத்துள்ள ஒரு பிரெஞ்சுச் சொல் வரும். எங்கள் பக்கத்தில் அதைப் 'பே' என்று சொல்வோம். காலஞ்சென்ற என்று பொருள். அதே எழுத்துகளுக்கு நெருப்பு என்றும் பொருள் உண்டு. அது இங்கே தேவையில்லை. என் பெயர் பட்டியலில் 'மரியமுத்து, பே சூசைநாதன் மகன்' என்று இருக்கும். பே ஓர் இடம் முன்னால் வந்து 'பே மரியமுத்து, சூசைநாதன் மகன்' என்று ஆனால் நான் இறந்தவன். என் தகப்பனார் உயிரோடிருப்பவர்.

செயலாளர் சவரிநாதன் பழைய பட்டியலில் அறுபத்து மூன்று பெயர்களுக்குப் பக்கத்தில் பென்சிலால் சின்னப் புள்ளி வைத்துக் கொடுத்தார். எல்லாம் தோணித்துறைத் தெரு. எல்லாருக்கும் தகப்பனார் இல்லை. தகப்பனார் உயிரோடு இருந்தவர்கள் அந்தத் தெருவில் தப்பினார்கள். நான் தயங்கியதைப் பார்த்து அவர், "புதுசா ஒரு எழுத்துக்கூட எழுதச் சொல்லலையே தம்பி. இருக்கிறதையே ஒரு இடம் தள்ளிப் போடு" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்.

தள்ளிப் போட்டேன். மூன்று நாள் ஆயிற்று. அறுபத்து மூன்று பேர் இறந்தார்கள். அவர்களுடைய தகப்பன்மார் அறுபத்து மூன்று பேர் எழுந்தார்கள்.

மார்ச் 20ஆம் தேதி பட்டியலை மேரியின் கதவில் ஒட்டினோம். எட்டு நாள் அது வெயிலில் இருந்தது. பிரெஞ்சு படிக்கத் தெரிந்தவர்கள் அந்தத் தெருவில் நாலைந்து பேர். அவர்களும் தங்கள் பெயர் இருக்கிறதா என்று பார்த்தார்கள், பெயர் இருந்தது, போய்விட்டார்கள்.

ஏப்ரல் 26, ஞாயிற்றுக்கிழமை, வாக்குப்பதிவு. மில்லில் மேஜைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பெயர் வாசிக்கும் வேலை எனக்கு. காலை ஒன்பது மணி வாக்கில் பீர் மைதீன் வந்தார். அதுவரை எனக்கு அவரைப் பெயரளவில்தான் தெரியும். சைகோனில் பல வருஷம் இருந்து வந்தவர், பிரெஞ்சு பேசுவார். அவர் பெயர் சொன்னதும் நான் வரியைக் கண்டுபிடித்தேன்; ஆனால் வாசிக்கவில்லை. செயலாளர் என் கையிலிருந்து பட்டியலை வாங்கிப் பார்த்து, பட்டியல்படி இவர் காலமாகிவிட்டார், வாக்களிக்க முடியாது என்று சொன்னார். பீர் மைதீன் சிரித்தார். "என் பாத்திஹா சோத்துக்கு என்னையே கூப்பிடலையே செக்ரெத்தேர் ஐயா. அவ்வளவு அவசரமா எடுத்துட்டீங்களா?" என்று கேட்டார். வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். உள்ளே இருந்த மேரும் வெளியே வந்து சிரித்தார்.

அதன் பிறகு பீர் மைதீன் பட்டியலைப் பார்க்க வேண்டும் என்றார். காட்டினோம். விரல் வைத்து வாசித்தார். அவருடைய தகப்பனார் சேக் அலாவுதீன் 1931இல் கப்பலிலேயே இறந்து கடலில் இறக்கப்பட்டவர் என்பது பிறகுதான் எனக்குத் தெரிந்தது. அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்து, "என்னைக் கொன்னதோட விட்டீங்களா தம்பி? எங்க வாப்பாவ எழுப்பி விட்டுட்டீங்க. இனி அவரு கரைக்கு வந்து கதவத் தட்டினா நான் என்ன சொல்றது?" என்றார். இதற்கு யாரும் சிரிக்கவில்லை.

மேர் அவர் தோளில் கை வைத்து, செத்தவர் ஓட்டுப் போடக்கூடாது என்பது நான் போட்ட சட்டமா பாய், உலகத்துச் சட்டம் என்று சொல்லி வாசல்வரை கொண்டுபோய் விட்டார். அன்று வேலையைப் போட்டுவிட்டு வந்த அறுபத்தொரு பேர் அப்படித் திரும்பிப் போனார்கள். இரண்டு பேர் வரவில்லை. அவர்கள் உண்மையிலேயே இறந்திருந்தார்கள். மேர் முந்நூற்றுப் பன்னிரண்டு ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தார்.

அதன் பிறகு சந்தைக்குப் போவதைக் குறைத்துக்கொண்டேன். நான் எழுதியவர்கள் அங்கே கத்திரிக்காய் பேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். தோணித்துறைத் தெருவில் 'பே போட்டாச்சு' என்பது ஒரு பேச்சாகவே ஆகிவிட்டது. அறுந்த செருப்புக்கும் சொன்னார்கள், ஊசிப்போன குழம்புக்கும் சொன்னார்கள். அந்த வருஷம் கல்லறைத் திருநாளில் தகப்பனார் கல்லறையில் மெழுகுவர்த்தி ஏற்றி ஜெபம் சொல்லும்போது அவருடைய பெயர் என் வாயில் வரவில்லை. இதை எழுதிக்கொள்ளத் தேவையில்லை என்று ஆய்வாளர் சொன்னார். எழுதிக்கொள்ளும்படி கேட்டுக்கொண்டேன்.

அறுபத்தொரு பேரில் எழுத்துமூலம் புகார் கொடுத்தவர் பீர் மைதீன் ஒருவரே. மே மாதம் காரைக்காலில் இருந்த பிரெஞ்சு மேலதிகாரிக்கு எழுதினார். பட்டியலில் இறந்தவர் என்றால் இறப்புப் பதிவேட்டில் எண் என்ன என்று மேலதிகாரி ஜூன் மாதம் மேரியைக் கேட்டார். பதிவேட்டில் எதுவும் இல்லை. செயலாளர் கடிதத்தை மேரிடம் கொண்டுபோனபோது நானும் கூட இருந்தேன். பட்டியலைத் திருத்திவிடலாமா என்று செயலாளர் கேட்டார். மேர் அப்போது இளநீர் குடித்துக்கொண்டிருந்தார். "பட்டியலு ஏன் பதிவேட்டுக்கு ஒத்து வரணும்? பதிவேடு பட்டியலுக்கு ஒத்து வரட்டுமே" என்றார்.

அந்த வருஷத்து இறப்புப் பதிவேட்டில், மார்ச் மாதத்தில், இருபத்தேழாம் எண்ணுக்குக் கீழே பாதிப் பக்கம் காலியாக இருந்தது. பதிவேட்டில் இடம் விடக்கூடாது. கோடு போட்டு அடைக்க வேண்டும். அடைக்காமல் விட்டது என்னுடைய தவறு. அன்று என் தாயாருக்குக் காய்ச்சல், சீக்கிரம் கிளம்பிவிட்டேன். அந்தப் பாதிப் பக்கத்தில்தான் எழுதினேன். இருபத்தெட்டாம் எண் ஏற்கெனவே அடுத்தவருக்குப் போயிருந்தது. ஒரே எண் இரண்டாம் முறை வந்தால் பக்கத்தில் 'பிஸ்' என்று சேர்ப்பது பிரெஞ்சு வழக்கம்; எங்கள் ஊர் வீட்டுக் கதவுகளிலும் பார்க்கலாம். ஆகவே இருபத்தேழு பிஸ்.

தேதி என்ன போடுவது என்று கேட்டேன். பட்டியல் ஒட்டுவதற்கு முந்திய நாளாக ஏதாவது ஒன்று போடு என்றார் செயலாளர். 1953 மார்ச் 13 என்று போட்டேன். வெள்ளிக்கிழமை. அவர்களிடையே வெள்ளிக்கிழமை மரணம் நல்ல மரணம் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். நாட்காட்டியை எடுத்துப் பார்த்து வெள்ளிக்கிழமையாகத் தேடிப் போட்டேன்.

சாட்சிகளாகச் செயலாளர் ஒரு கையெழுத்தும், மேரியின் சேவகர் முத்தையன் ஒரு கைரேகையும் வைத்தார்கள். என்ன தாள் என்று முத்தையனுக்குத் தெரியாது. அவரைக் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. மேருக்குப் பதிலாகச் செயலாளரே கையெழுத்திட்டார். பதிவேட்டின் இரண்டாம் பிரதியிலும் அப்படியே செய்து, அந்த எண்ணை மேலதிகாரிக்கு எழுதி அனுப்பினோம். செயலாளர் சவரிநாதன் சென்ற அக்டோபரில் குடும்பத்துடன் பிரான்சுக்குப் போய்விட்டார். ஆகவே இதைச் சொல்வதற்கு இப்போது நான் ஒருவனே இருக்கிறேன்.

1953 நவம்பரில் பீர் மைதீனின் மகள் ரோஷன் பேகத்துக்குத் திருமணம். மாப்பிள்ளை சைகோனில் அரசாங்க வேலையில் இருந்தார். பெண்ணைக் கப்பலேற்ற வேண்டுமானால் மேரியில் பதிவு செய்த திருமணச் சான்று வேண்டும். பதிவேட்டில் தகப்பனார் இறந்தவராக இருப்பதால் சித்தப்பா காஜா மைதீன் பொறுப்பாளராகக் கையெழுத்திட வேண்டும், தகப்பனார் உயிரோடிருக்கிறார் என்று வாதாடினால் பதிவு நடக்காது என்று மேர் சொல்லி அனுப்பினார். பீர் மைதீன் ஒத்துக்கொண்டார். அன்று வெள்ளைச் சட்டையும் தொப்பியுமாக வந்து கூடத்துக்கு வெளியே வாசலில் நின்றார். பத்திரத்தை உரக்க வாசிப்பது என் வேலை. மணமகள் ரோஷன் பேகம், பே பீர் மைதீன் மகள் என்று வாசித்தேன். கூடத்தின் பின்னால் கேட்கவில்லை, மறுபடி வாசிக்கும்படி செயலாளர் சொன்னார். மறுபடி வாசித்தேன். அப்போது வாசலிலிருந்து பீர் மைதீன், "வாசல்ல நிக்கிறான்னும் சேத்து எழுதிக்குங்க தம்பி" என்றார். பெண் அழ ஆரம்பித்தது.

1954 நவம்பர் முதல் தேதி கொடி மாறியது. பழைய சட்டங்கள் இப்போதைக்குத் தொடரும், மேர்கள் தொடர்வார்கள் என்று அறிவிப்பு வந்தது. நாங்கள் சுவரிலிருந்த படங்களை இறக்கி வேறு படங்களை மாட்டினோம். அன்று மேர் எங்களிடம், "கொடிதானேய்யா மாறிச்சு. கம்பம் அதேதானே" என்றார்.

அந்த மாதக் கடைசியில் பீர் மைதீன் மேரிடம் நேரில் வந்தார். புது சர்க்கார் வந்துவிட்டது, இனிமேலாவது என்னை உயிரோடு எழுதிக் கொடுங்கள் என்று கேட்டார். பதிவைத் திருத்த வேண்டுமானால் உயிரோடிருக்கிறார் என்ற சான்று வேண்டும், அதை மேர்தான் தர வேண்டும். மேர் மறுக்கவில்லை. நாற்காலி போட்டு உட்கார வைத்தார். "இப்ப உசிரோட இருக்கீங்கங்கிறது எனக்குத் தெரியுது பாய். நாளைக்கும் இருப்பீங்கன்னு நான் எப்படிக் கையெழுத்துப் போடுறது? ஒரு மாசம் தெனமும் வந்து இந்த பெஞ்சுல உக்காருங்க, பாத்துட்டுத் தர்றேன்" என்றார். அறையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். மேர் என்னைப் பார்த்து, இவர் வருகையை நோட்டுப் போட்டு எழுதி வை என்றார். அதுவும் சிரிப்பதற்குத்தான் சொன்னார் என்று நினைக்கிறேன். ஆனால் டிசம்பர் 6, திங்கட்கிழமை, காலை எட்டு மணிக்கு மேரி திறக்கும்போது பீர் மைதீன் குடையோடு வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். நான் ஒரு நோட்டு வாங்கி அவர் பெயர் எழுதினேன். பெயருக்கு முன்னால் எதுவும் போடவில்லை. தேதி எழுதி, பக்கத்தில் 'வந்தார்' என்று எழுதினேன்.

அதன் பிறகு தினமும் வந்தார். காலை எட்டிலிருந்து பன்னிரண்டு வரை, பிற்பகல் இரண்டிலிருந்து ஐந்து வரை. கடையைத் தம்பி பார்த்துக்கொண்டார். ஒரு மாதம் முடிந்ததும் மேர், ஞாயிற்றுக்கிழமை, பண்டிகை நாள் எல்லாம் கணக்கில் சேராது, முழுதாக முப்பது வேலைநாள் ஆகட்டும் என்றார். முப்பது வேலைநாள் முடியும்போது, இது சிறிய விஷயமில்லை, அறுபது நாள் என்று உத்தரவே போட்டார்; அதையும் நான்தான் எழுதினேன். பிப்ரவரியில் பீர் மைதீனுக்கு இரண்டு நாள் காய்ச்சல், வரவில்லை. இடையில் நின்றால் முதலிலிருந்து எண்ண வேண்டும் என்று உத்தரவில் ஒரு வரி சேர்க்கும்படி மேர் சொன்னார். சேர்த்தேன். அந்த வரியைப் பீர் மைதீனிடம் நானே வாசித்துக் காட்டினேன். அவர், "பரவாயில்ல தம்பி. வீட்ல இருந்தா மட்டும் என்னத்தப் பண்றேன். இங்க வந்தா ஒருத்தராவது என் பேரை எழுதுறீங்க" என்றார்.

நான் எழுதியதை அவர் நல்ல காரியமாகப் பார்த்தார். இருபத்தேழு பிஸ்ஸை எழுதிய கையும் அதுதான் என்று அவருக்குத் தெரியுமா என்று எனக்குத் தெரியாது. கையெழுத்தைப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். அவர் கேட்கவில்லை. நான் சொல்லவில்லை.

நேற்று மார்ச் 8, செவ்வாய்க்கிழமை. காலை எட்டு பத்துக்கு வந்தார். ஸலாம் சொன்னார். நோட்டில் எழுதினேன், மொத்தம் எழுபத்து மூன்றாவது நாள், மேருடைய கணக்கில் பதினேழாவது. பத்து மணிக்கு முத்தையனிடம் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார். பதினொன்றேகாலுக்கு நான் கட்டு ஒன்றை எடுத்துக்கொண்டு வராந்தா வழியே போனேன். குடைப்பிடியின் மேல் இரண்டு கையையும் வைத்து உட்கார்ந்திருந்தார். வெயில் அதிகம் என்றார். ஆமாம் என்றேன். பதினொன்று நாற்பதுக்குத் திரும்பி வந்தேன். அதே மாதிரி உட்கார்ந்திருந்தார். கண் மூடியிருந்தது. தூங்குகிறார் என்று நினைத்து மெதுவாக நடந்தேன். பன்னிரண்டு மணிக்குக் கதவைப் பூட்டப் போன முத்தையன், பாய், மணி ஆச்சு என்று சொல்லித் தோளைத் தொட்டார். குடை கீழே விழுந்தது.

சத்தம் கேட்டு மேர் வந்தார். குனிந்து மூக்கில் விரல் வைத்துப் பார்த்தார். கீழே கிடந்த குடையை எடுத்து அவர் பக்கத்தில் சாய்த்து வைத்தார். அதையும் சொல்ல வேண்டும். அதன் பிறகு என் பக்கம் திரும்பி, "பீர் மைதீன் செத்து ரெண்டு வருஷம் ஆச்சு. பதிவேட்டுல இருக்கு. இது யாரோ. போலீசுக்குச் சொல்லு" என்றார். முத்தையன், ஐயா இது பாய் ஐயா, தெனமும் வர்ற பாய் என்றார். மேர் தம் அறைக்குள் போய்விட்டார்.

ஒரு மணிக்குப் போலீசார் வந்து பிரேதத்தை எடுத்துப் போனார்கள். இரண்டரை மணிக்குத் தோணித்துறைத் தெரு ஜமாஅத்தார் வந்து அடக்க அனுமதிச் சீட்டுக் கேட்டார்கள். ஒரு மனிதனுக்கு இரண்டு இறப்புப் பதிவு போட முடியாது, பதிவு இல்லாமல் சீட்டுத் தர முடியாது, சீட்டு இல்லாமல் அடக்கினால் வழக்கு வரும் என்று மேர் சொல்லி அனுப்பினார். மூன்று மணிக்கு இந்த நிலையத்திலிருந்து காவலர் ஒருவர் வந்து பீர் மைதீன் பற்றிய பதிவின் நகல் கேட்டார். இருபத்தேழு பிஸ்ஸை நகலெடுத்து முத்திரை வைத்துக் கொடுத்தேன். இப்போது ஆய்வாளர் மேஜையில் இருப்பது அதுதான். நேற்று மூன்று மணிக்கும் நான் எதுவும் சொல்லவில்லை.

நான்கு மணிக்கு ஆஸியா பீவி மேரிக்கு வந்தார். காஜா மைதீன் படியிலேயே நின்றுகொண்டார். மேர் அப்போது வெளியே போயிருந்தார். புருஷன் இறந்தால் அவர்கள் வழக்கப்படி மனைவி நான்கு மாதம் பத்து நாள் இத்தா இருக்க வேண்டும். வீட்டை விட்டு வெளியே வரக்கூடாது, அந்நிய ஆடவர் முன் நிற்கக்கூடாது. அவர் வந்து நின்றார். ஆரம்பித்துவிட்டதா என்று தெரியாததால் வந்ததாகச் சொன்னார். எங்கள் பிறப்பு இறப்புப் பதிவுப் பிரிவை ஊரில் எத்தா என்று சொல்வார்கள். அவர் முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு கேட்டார்:

"தம்பி, ஒங்க எத்தாவுல அவுங்க என்னிக்கு மவுத்தானதாப் போட்டிருக்கு? நான் எந்த நாள்லேந்து இத்தா இருக்கணும்?"

பதிவேடு என் மேஜையில் திறந்தே இருந்தது. 1953 மார்ச் 13, வெள்ளிக்கிழமை என்று வாசித்துச் சொன்னேன். அவர் விரல் மடக்கி மாதங்களை எண்ணினார். "அப்ப என் இத்தா அந்த வருஷமே முடிஞ்சு போச்சு" என்றார். அதன் பிறகு, "அப்புறம் இந்த ரெண்டு வருஷமா நான் சோறு போட்டது யாருக்குன்னு எழுதியிருக்கு தம்பி? ஒரே வீட்ல இருந்தேனே, அந்த மனுஷனுக்கு நான் யாருன்னு போட்டிருக்கு?" என்று கேட்டார்.

அப்படி எதுவும் எழுதவில்லை என்று சொன்னேன். அவர் பதிலுக்குக் காத்திருந்தார். நான் பதிவேட்டை மூடினேன். காஜா மைதீன் வந்து, வாங்க மச்சி என்று அண்ணியை அழைத்துப் போனார்.

ஐந்து மணிக்கு மேர் என்னைக் கூப்பிட்டார். என் வேலையை நிரந்தரமாக்கும் உத்தரவு மேஜையில் இருந்தது. கையெழுத்து ஈரமாக இருந்தது. வாங்கிக்கொண்டேன். உன்னை யாராவது கேட்டால் பதிவேட்டில் இருப்பதை மட்டும் சொல் என்றார். நான் வாசல்வரை போனதும், "எழுத்து உன்னுது. கையெழுத்து சவரிநாதனுது. அதுல நான் எங்கப்பா இருக்கேன்?" என்றார். அது உண்மை. இருபத்தேழு பிஸ்ஸில் அவர் எங்கும் இல்லை. நான் மட்டும் வரிக்கு வரி இருக்கிறேன்.

இன்று காலை என் தாயாரிடம் வேலை நிரந்தரமான விஷயத்தைச் சொன்னேன். சந்தோஷப்பட்டு அடுப்பை விட்டு எழுந்து வந்து நெற்றியில் சிலுவை போட்டார். அவரிடம் வேறு எதுவும் சொல்லவில்லை. அங்கிருந்து நேரே இங்கே வந்தேன்.

பீர் மைதீனின் வருகையை எழுதிய நோட்டை இத்துடன் ஒப்படைக்கிறேன். நாற்பது பக்கம், நீல அட்டை. நேற்றைய தேதிப்படி எனக்குக் கிடைத்த நிரந்தர உத்தரவையும் ஒப்படைக்கிறேன். 1953 இறப்புப் பதிவேட்டை வரவழைத்துப் பார்த்தால் இருபத்தேழு பிஸ்ஸின் மை மேலும் கீழும் உள்ள பதிவுகளின் மையிலிருந்து வேறுபட்டிருப்பது தெரியும். அது ஜூன் மாதத்து மை. வாக்காளர் பட்டியலில் மற்ற அறுபது பேர் இன்னும் இறந்தவர்களாகவே இருக்கிறார்கள். அவர்கள் பெயர்களையும் தெருவரிசைப்படி சொல்ல முடியும். பட்டியலைப் பார்க்க வேண்டியதில்லை.

இதனால் எனக்கு என்ன தண்டனை வரும் என்று ஆய்வாளர் விளக்கினார். புரிந்தது.

ஆஸியா பீவி கேட்டதற்கு நேற்று நான் பதில் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன். ஆசுபத்திரியில் இருப்பவர், ஆலங்கரை தோணித்துறைத் தெரு, சேக் அலாவுதீன் மகன் பீர் மைதீன். அவர் 1955 மார்ச் 8, செவ்வாய்க்கிழமை, பகல் பதினொன்றேகாலுக்கும் பதினொன்று நாற்பதுக்கும் இடையில் ஆலங்கரை மேரி வராந்தாவில் இறந்தார். அதுவரை உயிரோடு இருந்தார். அதுவரை அவர் ஆஸியா பீவியின் புருஷன். இத்தா நேற்றிலிருந்து.

சொன்னது சொன்னபடி எழுதப்பட்டிருக்கிறது. எழுத்தர் வாசித்துக் காட்ட, நின்றுகொண்டு கேட்டேன். எல்லாம் உண்மை. சேர்க்கவோ நீக்கவோ என்னிடம் எதுவும் இல்லை.

(ஒப்பம்) மரியமுத்து
காலை மணி பத்து இருபது

ஆய்வாளர் குறிப்பு: மேற்படி வாக்குமூலத்தின் பேரில் பிரேதத்தின் அடையாளம் ஏற்கப்பட்டது. சீட்டில் பெயர் எழுதி, மரித்தவரின் தம்பி காஜா மைதீன் வசம் பதினொன்று ஐந்துக்கு ஒப்படைக்க உத்தரவிட்டேன். வாக்குமூலம் கொடுத்தவரைக் காவலில் வைத்தேன். அடக்கத்துக்குத் தூரத்தில் நின்று பார்த்துவிட்டு வர அனுமதி கேட்டார். மறுக்கப்பட்டது.